அம்மாவிடம் ஏன் மறைத்தாய் தம்பி?

கேள்வி: எனக்கு வயது 22, வியாசர்பாடி. அப்பா இல்லை. அண்ணன்தான் ஆட்டோ ஓட்டி என்னை பாக்ஸிங்கில் சேர்த்தார், இன்று வரை அவர்தான் என் வாத்தியார். இப்போது குடி அதிகமாகிவிட்டது. வேறு கிளப் வாத்தியார் ஒருவர், நீ மட்டும் வா, மாநிலப் போட்டிக்குத் தயார் பண்றேன் என்கிறார். ஜெயித்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கலாம். ‘கூடப் பிறந்தவனை விட்டுட்டு மெடல் வாங்கி என்ன பண்ணப் போற’ என்று அம்மா அழுகிறார். போன மாதம் தலையில் அடிபட்டு இரண்டு நாள் வாந்தி, அம்மாவிடம் சொல்லாதே என்றார் அண்ணன், மூன்றாம் நாள் மறுபடி கிளவுஸ் மாட்டினேன். ‘தி ஃபைட்டர்’ படத்தில் அண்ணனைச் சேர்த்துக்கொண்டுதானே தம்பி ஜெயிக்கிறான்? நான் போனால் துரோகமா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: துரோகத்தை அப்புறம் பார்ப்போம். போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறாயே, எனக்கு அங்கேதான் பகீர் என்றது. வாந்தி எடுத்தவனை மூன்றாம் நாள் ரிங்கில் இறக்கியதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மாவிடம் சொல்லாதே என்றாராமே! கூடப் பிறந்த பாசம், குடும்பம் என்று உங்கள் வீட்டில் இத்தனை பேச்சு ஓடுகிறது, ஆனால் பெற்றவளிடமே மறைக்கச் சொல்கிறார் அண்ணன், நீயும் தலையாட்டியிருக்கிறாய். செய்வது தப்பு என்று தெரியாதவர் மறைக்கச் சொல்ல மாட்டார். உனக்கும் தெரிந்திருக்கிறது. முழுக்கதை தெரியாமல் அழுகிற அம்மாவின் அழுகையைத்தான் எனக்குச் சாட்சியாக அனுப்பியிருக்கிறாய், இது நியாயமா?

சரி, படம். கடைசிக் காட்சி நினைவிருக்கிற உனக்கு முதல் பாதி மறந்துவிட்டதா? எதிராளிக்கு உடம்பு சரியில்லை என்று 20 பவுண்டு, நம் கணக்கில் 9 கிலோ, அதிகமுள்ள ஒருவனோடு மோதச் சொல்கிறார்கள். சண்டை நடக்காவிட்டால் யாருக்கும் காசில்லை என்று வீட்டாரே ஏற்றிவிட, தம்பி மிக்கி வார்டு முகம் வீங்கித் திரும்புகிறார். அது நிஜ மனிதர்களின் கதை, அமெரிக்காவில் லோவெல் என்ற பழைய மில் ஊர். அண்ணன் டிக்கி எக்லண்ட் 1978-இல் பெரிய பாக்ஸர் சுகர் ரே லெனார்டோடு மோதியவர், பிறகு கிராக் போதையில் விழுந்தார், 1995-இல் வந்த டாக்குமென்டரியில் ஊரே அந்தக் கோலத்தைப் பார்த்தது. தம்பி நடுவில் குத்துச்சண்டையையே விட்டுவிட்டு ரோடு போடும் வேலைக்குப் போனார். படத்தில் அண்ணன் சிறைக்குப் போய், போதையை விட்டுத் திரும்பிய பிறகுதான் மறுபடி தம்பியின் கார்னரில் நிற்கிறார், லண்டனில் ஷே நீரி என்ற பாக்ஸரைத் தம்பி ஜெயிப்பது அதற்கும் அப்புறம். நீ நடுவில் உள்ளதை எல்லாம் உருவி எடுத்துவிட்டு முடிவை மட்டும் வைத்துக்கொண்டு கேட்கிறாய். அதே மிக்கி வார்டு, தன் காலத்துக்குப் பிறகு மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். எதற்காக என்று யோசி.

ஆறாத மூளையில் அடுத்த அடி விழுந்தால் வீக்கம் கண்டு ஆளே போய்விடலாம். அமெச்சூர் பாக்ஸிங்கில் தலையடியால் சண்டை நிறுத்தப்பட்டாலே குறைந்தது 30 நாள் ரிங்குக்குள் விட மாட்டார்கள். வாத்தியாருக்கு இது தெரியாதா என்ன?

நான் கூட்டுக்குடும்பக் கட்சி, அதை ஒளிக்கவில்லை. ஆட்டோ ஓட்டி உன்னை ஆளாக்கியவரை நீ கடைசி வரை பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும், வேலை கிடைத்தால் அவர் கடன், குடியை விடவைக்கிற வைத்தியச் செலவு எல்லாம் உன் தலையில், இதில் பேரமே கிடையாது. கழற்றிவிட்டாய் என்று கேள்விப்பட்டால் அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதே. ஆனால் அந்தக் கடனை உன் மண்டையைக் கொடுத்து அடைக்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. தேவையானபோது டவலை வீசிச் சண்டையை நிறுத்த வேண்டியவர் கார்னரில் நிற்பவர். குடித்த கண்ணுக்கு அந்த நேரம் தெரியாது. வேறு கிளப்புக்குப் போ, துரோகம் ஒன்றும் இல்லை. அதற்காகப் புது வாத்தியாரைச் சொக்கத்தங்கம் என்று நினைக்காதே. வாந்தி விஷயத்தை முதலில் அவரிடம் சொல். ‘பரவாயில்லை, நாளைக்கே வா’ என்றால் அவரும் வேண்டாம்.

நாளைக் காலை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போ. எந்தத் தேதியில் அடிபட்டது, எத்தனை முறை வாந்தி, அப்புறம் எத்தனை நாள் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, போட்டாய், எல்லாவற்றையும் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே டாக்டரிடம் சொல். அவர் சரி என்கிறவரை கிளவுஸைத் தொடாதே, மாநிலப் போட்டி போனால் போகட்டும். வீட்டுக்கு வந்ததும், அண்ணன் குடிக்கப் போவதற்கு முன்னால், மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். முதலில் அம்மா பேசட்டும்.