ரோமில் கடைசி நாள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அக்டோபரில் அம்மாவுடன் ரோம் செல்கிறேன். வத்திக்கானும் கொலோசியமும் முதல் நாட்களிலேயே முடிந்துவிடும். கடைசி நாளான வியாழக்கிழமையைத் தேவாலய ஓவியங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். இரவு 10.45க்கு விமானம். பட்டியலில் ஒன்பது ஆலயங்கள். வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரிகின்றன. அம்மாவால் அதிகம் நடக்க முடியாது. ஒன்பதையும் பார்க்க முடியுமா? ஓவியர் கரவாஜியோவை மட்டும் தவறவிடக்கூடாது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முடியாது. தூரம் ஒரு பொருட்டல்ல, மதியப் பூட்டுதான் சிக்கல். ரோமின் பெரும்பாலான ஆலயங்களை 12, 12.30 வாக்கில் அடைத்துவிட்டு மூன்று, நான்கு மணிக்குத்தான் திறக்கிறார்கள். நேரம் ஆலயத்துக்கு ஆலயம் மாறும். முந்தைய நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஆலயங்கள் போதும். அவற்றில் மூன்றில் கரவாஜியோவின் ஓவியங்கள் இருக்கின்றன.

காலையில் மெட்ரோ ஏ தடத்தில் ஃபிளமினியோவில் இறங்கினால் சாந்தா மரியா தெல் போப்போலோ எதிரிலேயே. பீடத்துக்கு இடப்புறம் செராசி சிற்றாலயம். கரவாஜியோ வரைந்த பேதுருவும், குதிரையிலிருந்து விழுந்த பவுலும் (1600–01) எதிரெதிர்ச் சுவர்களில். உள்ளே நுழைய முடியாது, வாசலிலிருந்து சாய்வாகத்தான் பார்க்க வேண்டும். பலரும் இதற்குச் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சாய்வை மனதில் வைத்தே வரையப்பட்டவை அவை. புத்தகத்தில் நேராக அச்சான பவுல் படத்தில் குதிரைதான் எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளும். வாசலில் நின்றால் பவுல் நம்மை நோக்கி விழுந்து கிடப்பார். அங்கேயே ரஃபேல் வடிவமைத்த கீஜி சிற்றாலயத்தில் பெர்னினி செதுக்கிய தானியேல், ஆபகூக் சிலைகளும் இருக்கின்றன. ஆகவே பெர்னினிக்காகப் பட்டியலில் சேர்த்திருக்கும் சாந்தா மரியா தெல்லா வித்தோரியாவைக் கூசாமல் அடித்துவிடலாம்.

ஆலயத்தையொட்டிய சதுக்கத்திலிருந்து டாக்சியில் சான் லூயிஜி தெய் ஃபிரான்செசிக்கு. 11 மணிக்கு முன் போய்ச் சேருங்கள். கொன்தரெல்லி சிற்றாலயத்தில் புனித மத்தேயுவைப் பற்றிக் கரவாஜியோ வரைந்த மூன்று ஓவியங்கள். கூட்டம் நடுவில்தான் முண்டும். இயேசு மத்தேயுவை அழைக்கும், இடச்சுவரிலுள்ள ‘அழைப்பு’க்குத் தடுப்பின் வலக்கோடியில் நில்லுங்கள், வலச்சுவர் ஓவியத்துக்கு இடக்கோடியில். இரண்டிலுமே ஒளி பீடத்தின் பக்கமிருந்து வருகிறது. சிற்றாலயத்தின் நிஜ ஜன்னலும் அங்கேதான். காசு போட்டால் எரியும் விளக்கு சில நிமிடங்களில் அணைந்துவிடும். பலர் அந்த நிமிடங்களைக் கைப்பேசியிலேயே கழித்துவிடுகிறார்கள். விளக்கு அணைந்த பிறகும் கொஞ்சம் நின்று பாருங்கள். 50 சென்ட், 1 யூரோ, 2 யூரோ நாணயங்கள் கைவசம் இருக்கட்டும், பெட்டி மீதி தராது.

இரண்டு மூன்று நிமிட நடையில் சாந்த் அகொஸ்தீனோ. நுழைந்ததும் இடப்புறம் முதல் சிற்றாலயத்தில், அழுக்குப் பாதங்களோடு மண்டியிட்ட யாத்ரீகர்களுக்குக் காட்சி தரும் கரவாஜியோவின் மாதா. மூன்றாவது தூணில் ரஃபேலின் ஏசாயா ஓவியம். இதை மதிய மூடலுக்கு முன் முடித்துவிட வேண்டும்.

மதியம் மூடாதவை பாந்தியோனும் தோரியா பம்ஃபிலி கலைக்கூடமும். அம்மாவுக்காகக் கலைக்கூடத்தையே சொல்வேன். வெலாஸ்கெஸ் வரைந்த போப் பத்தாம் இன்னொசென்ட் (1650) அங்கே தனி அறையில் இருக்கிறார். கரவாஜியோவும் உண்டு.

மாலை 5 மணிக்கு நான்காவது ஆலயமான இல் ஜெசு. வலப்புறப் பீடத்தில் புனித சவேரியாரின் கை இருக்கிறது. 1540களில் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். தூத்துக்குடிக்காரர்கள் யாராவது கூட வந்தால் அங்கிருந்து நகர மாட்டார்கள். எதிர்ப்புறம் சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் பீடம், அந்திரேயா போட்சோவின் வடிவமைப்பு. தினமும் 5.30க்கு இசையும் விளக்கும் சூழ, பீடத்து ஓவியம் கீழே இறங்கிப் பின்னாலிருக்கும் சிலையைக் காட்டும். முன்வரிசை இருக்கை வேண்டுமென்றால் 5.15க்கே உட்கார்ந்துவிடுங்கள். கூரையில் பச்சீச்சியாவின் ஓவியத்தைக் கழுத்து வலிக்காமல் பார்க்க, தரையில் சாய்வுக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள்.

தோளும் முழங்காலும் மூடிய உடை. திருப்பலி நடந்தால் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். பெட்டிகளைக் காலையிலேயே தெர்மினி நிலையப் பொதிக்காப்பகத்தில் வைத்துவிடுங்கள், ஆலயங்களில் அந்த வசதி இல்லை. 6 மணிக்கு இல் ஜெசுவிலிருந்து கிளம்பினால் 64ஆம் எண் பேருந்து தெர்மினிக்குப் போகும், நெரிசலில் பணப்பை கவனம். அங்கிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸில் ஃபியுமிசினோ விமான நிலையம் 32 நிமிடம்.