ஏழு மாதச் சம்பளம்

கேள்வி: அரசு நிதி இல்லாமல் நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்தைப் பல வருடம் தலைமையேற்று நடத்திவிட்டு விலகுகிறவர்கள், அதன் வளர்ச்சி என்று எதைச் சொல்வார்கள்?

இந்த மாதக் கடைசியில் நான் அப்படி விலகுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அது கல்லூரியாக இருந்தபோது முதல்வராகச் சேர்ந்தேன், துணைவேந்தராக ஓய்வு பெறுகிறேன். பெயர் வேண்டாம். பிரிவு உபசார மலருக்கு மாணவர் எண்ணிக்கையும் கட்டடப் படங்களும் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். மலரில் இடம்பெறாததை இங்கே எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற இடத்துக்கு வளர்ச்சி என்றால், அட்மிஷன் படுத்துப்போன ஒரு வருடத்திலும் மாதம் பிறந்தால் எல்லோருக்கும் முழுச் சம்பளம் போட முடிவதுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அரசு உதவி பெறும் கல்லூரியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. சுயநிதியில் அது இல்லை. பிள்ளைகள் கட்டும் ஃபீஸ்தான் சம்பளம், கரண்ட் பில், ஆய்வகத்து ரசாயனம், பஸ்ஸுக்கு டீசல் எல்லாமே. வரவு வருடத்துக்கு இரண்டு தடவை, செலவு மாதாமாதம். ஏப்ரல், மே வந்தால் எங்கள் கணக்குப் பிரிவில் யாரும் சத்தமாகப் பேசக்கூட மாட்டார்கள்.

நான் சேர்ந்த புதிதில், ஜூன் மாதத்தில் ஒருநாள் ஃபீஸ் கவுன்டரில் கேஷியர் வராததால் நானே உட்கார்ந்தேன். ஓர் அம்மா மஞ்சள் பையிலிருந்து பணக்கட்டை எடுத்து நீட்டினார். எண்ணும்போது நடுவிலிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. கூட்டுறவு வங்கியின் நகைக் கடன் ரசீது. ஒரு சங்கிலி, இரண்டு வளையல், எடை, அன்றைய தேதி. "அது எங்களுதுங்க சார், குடுத்துடுங்க" என்று அவசரமாகக் கை நீட்டி வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார். அதற்குப் பிறகு எந்தச் செலவு ஃபைல் மேசைக்கு வந்தாலும் அந்த ரசீது நினைவுக்கு வரும்.

அது நினைவுக்கு வந்தும் தப்புச் செய்திருக்கிறேன். 1984-இல் வேலூரில் 180 மாணவர்களோடு தொடங்கிய பொறியியல் கல்லூரி 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இன்று விஐடி என்றால் இந்தியா முழுக்கத் தெரியும். அந்த மாதிரிக் கதைகள் எங்களுக்கெல்லாம் பெரிய ஆசையைக் கொடுத்தன. நல்ல ஆசைதான். ஆனால் கையில் மிஞ்சிய பணத்தையெல்லாம் நாங்கள் அடுத்த பிளாக்கிலும் அதற்கடுத்த பிளாக்கிலும் போட்டோம். கட்டடம் கட்டினால் இடம் கூடும், இடம் கூடினால் ஃபீஸ் வரும் என்று கணக்கு. மெக்கானிக்கல், சிவில் பக்கம் கூட்டம் குறையத் தொடங்கியபோதுகூட அந்தக் கணக்கை நான் மாற்றவில்லை.

பிறகு 2020 வந்தது. ஊரடங்கு. வளாகம் பூட்டியிருந்தது, ஃபீஸ் வரவில்லை, வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை. மே மாதத்திலிருந்து ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் பாதிச் சம்பளம் என்று ஓர் உத்தரவு போட்டோம். அதில் இருப்பது என் கையெழுத்து. பத்து வருடமாக எங்களோடு இருந்த ஒரு லேப் டெக்னீஷியன் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "சார், பாதின்னா எந்தத் தேதிக்கு வரும்? பால்காரருக்குச் சொல்லணும்" என்று மட்டும் கேட்டார். என்னால் தேதி சொல்ல முடியவில்லை. பிடித்த பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்து முடிக்க 2022 ஆனது. அதற்குள் சிலர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

அந்த நாட்களில் சிதம்பரத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் ஒரு கல்லூரியாகத் தொடங்கி, 20 லட்சம் ரூபாய் கொடுத்து 1929-இல் பல்கலைக்கழகமாக்கிய இடம். எத்தனை தலைமுறைகளைப் படிக்கவைத்தது! அதற்கே நிதி நெருக்கடி வந்து, 2013-இல் அரசு சட்டம் போட்டுத் தன் பொறுப்பில் எடுக்கவேண்டி வந்தது. அத்தனை பெரிய ஆலமரமே ஆடியிருக்கிறது என்றால் நாங்கள் எம்மாத்திரம்? சுதந்திரப் போராட்டத் தலைவர் மதன் மோகன் மாளவியாவையும் நினைத்தேன். வக்கீல் தொழிலை ஒதுக்கிவிட்டு, ஒரு கோடி ரூபாய் இலக்கு வைத்து ஊர் ஊராகக் கையேந்தி, காசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தை எழுப்பினார். ஏறக்குறைய இருபது வருடம் அதன் துணைவேந்தராக இருந்தார். 1939-இல் அந்தப் பொறுப்பு, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணனிடம் போனது. நன்கொடை கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நான் நினைத்திருந்தேன். மாளவியா கேட்டிருக்கிறார், எனக்கென்ன?

கேட்டேன். பழைய மாணவர்களிடம், ஊர்த் தொழிலதிபர்களிடம். வந்ததையும் வருட மிச்சத்தில் ஒரு பங்கையும் கார்ப்பஸ் நிதியாக, அதாவது எளிதில் தொடாத சேமிப்பாக, வைப்பில் போட்டோம். அசலைத் தொடுவதென்றால் மொத்த நிர்வாகக் குழுவும் கையெழுத்துப் போடவேண்டும் என்று விதி எழுதிவைத்தோம். ஒரு புதிய பிளாக்கை அஸ்திவாரத்துக்கு முன்பே நிறுத்தினேன். அதற்காகச் சிலருக்கு என்மேல் இன்னும் வருத்தம் உண்டு.

இன்னொன்றும் செய்தோம், அதில் எனக்கு மனசு நிறைந்த சந்தோஷம். ஃபீஸ் பாக்கி என்பதற்காக யாருக்கும் ஹால் டிக்கெட்டை நிறுத்தக்கூடாது என்று 2021-இல் உத்தரவு போட்டோம். யாரும் கட்டமாட்டார்கள் என்று கணக்குப் பிரிவு பயந்தது. தாமதமானாலும் கட்டிவிடுகிறார்கள். பெற்றோர் நேரில் வந்து, எந்த மாதம் எவ்வளவு என்று அவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். மாட்டை விற்றதும் வருகிறேன், சீட்டு எடுத்ததும் வருகிறேன் என்று அந்தத் தாள்களில் இருக்கும்.

போன வாரம் புதிய துணைவேந்தர் வந்திருந்தார். வளாகம் சுற்றப் புறப்பட்டவரை முதலில் கணக்குப் பிரிவுக்குக் கூட்டிப் போய், இரும்பு அலமாரியில் இருக்கும் வைப்புநிதி ரசீதுகளைக் காட்டினேன். ஒரு ரூபாய் வரவு இல்லாவிட்டாலும் ஏழு மாதச் சம்பளத்துக்குத் தாங்கும். "பன்னிரண்டு ஆக்கிடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் உட்கார்ந்து, ஒவ்வொரு ரசீதிலும் முதிர்வுத் தேதியைப் பார்த்துத் தன் டைரியில் குறித்துக்கொண்டார். அப்புறம்தான் வளாகம் சுற்றப் போனோம்.