சனல் ஓட, சமனாக்கி நிற்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரேடியோ அலை வரும் பாதை சனல்; அது சிக்னலில் உண்டாக்கும் கோணலை நிமிர்த்துவது சமனாக்கி. இம்முறையும் பாதிக் கடிதங்களில் மூன்று எண்கள் இல்லை: செக்கனுக்கு எத்தனை சிம்பல் (ஒருமுறைக்கு அனுப்பும் தரவுக் குறி), எந்த அதிர்வெண், என்ன வேகத்தில் ஓட்டம். நாடி காட்டாமல் பரியாரியிடம் குளிசை கேட்பது போன்ற வேலை இது.

கேள்வி: நெடுந்தீவுக்கு 5.8 கிகாஹேர்ட்ஸ் இணைப்பு. சில இரவுகளில் சிக்னல் அப்படியே விழுகிறது. நல்ல சமனாக்கி உள்ள ரேடியோ வாங்கினால் தீருமா? (குறிகட்டுவான்)

பதில்: தீராது. காசைக் கம்பத்தில் போடுங்கள். நேரே வரும் கதிரும் கடலில் பட்டுத் தெறிக்கும் கதிரும் ஒன்றையொன்று அழிக்கின்றன. இரு முனையிலும் 20 மீற்றர் உயரம், இடைத்தூரம் 10 கிலோமீற்றர் என்று வைத்தால் பாதை வித்தியாசம் 8 சென்ரிமீற்றர், நேரத்தில் 0.3 நனோ செக்கன்கூட இல்லை. 20 மெகாஹேர்ட்ஸ் பட்டை பிரித்தறியும் தாமதமோ 50 நனோ செக்கன். அதனால் பட்டை முழுவதும் ஒன்றாகவே அமிழ்கிறது. சமனாக்கி கோணலை நிமிர்த்தும், இல்லாத சிக்னலை உண்டாக்காது. அதே கம்பத்தில் 6 மீற்றரளவு கீழே இரண்டாவது அன்டெனாவைப் பூட்டுங்கள். ஒன்று பள்ளத்தில் விழும்போது மற்றது மேட்டில் நிற்கும். கடல்மேல் காற்றடுக்கின் ஈரமும் வெப்பமும் மாற, அலை வளையும் அளவும் மாறுகிறது. இரவில் விழுவது பெரும்பாலும் அதனால்தான்.

கேள்வி: சமனாக்கி வேலை செய்யவில்லை. கோட் அனுப்பவும். (பெயர், ஊர் இல்லை)

பதில்: எந்த மொடுலேஷன் (தரவை அலையில் ஏற்றும் முறை), என்ன வேகம், எது வேலை செய்யவில்லை? எதுவும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: காரியர் (தரவைச் சுமக்கும் அலை) அதிர்வெண்ணின் பிசகை முதலில் திருத்துங்கள். 900 மெகாஹேர்ட்ஸில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 900 ஹேர்ட்ஸ் சுழற்சி. சமனாக்கி அதைத் துரத்தியே களைத்துவிடும்.

கேள்வி: இறுதியாண்டுச் செயற்திட்டம். எல்எம்எஸ் (வழுவைப் பார்த்துச் சிறிது சிறிதாகத் திருத்தும் முறை), 11 டாப் (சமனாக்கியின் பெருக்கெண்கள்), மியூ (திருத்தப் படியின் அளவு) 0.005, செக்கனுக்கு 1 இலட்சம் சிம்பல். 0.3, 0.9, 0.3 (அடுத்தடுத்து வரும் மூன்று பிரதிகளின் வீச்சு) சனலில் கணினியில் வழு அழகாக இறங்குகிறது. 900 மெகாஹேர்ட்ஸில், 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பஸ்ஸில் படுதோல்வி. மியூவைக் கூட்டச் சொல்கிறார் மேற்பார்வையாளர். (அறிவியல்நகர், கிளிநொச்சி)

பதில்: மூன்று எண்களையும் எழுதியதற்கு நன்றி, தம்பி. ஆனால் 0.3, 0.9, 0.3 சனல் அல்ல, பயிற்சிக் கணக்கு. அசையாத மூன்று எண்களில் ஓடவிட்டு, அறிக்கை அட்டையில் ‘இசைவாகும் சமனாக்கி’ என்று அச்சிடும் வழக்கம் எப்போது ஒழியுமோ தெரியவில்லை. அசையாத ஒன்றோடு எதை இசைவது?

கணக்கைப் பாருங்கள். உங்கள் வேகத்துக்கு டொப்ளர் (ஓட்டத்தால் வரும் அதிர்வெண் மாற்றம்) 50 ஹேர்ட்ஸ். சனல் ஆள் மாற 8 மில்லி செக்கன், அதாவது 800 சிம்பல். உங்கள் பயிற்சிச் சனலின் அதிர்வெண் வீச்சு 1.5இலிருந்து 0.3 வரை இறங்குகிறது. வலுவில் 25 மடங்கு. எல்எம்எஸ் வலு கூடிய அதிர்வெண்ணை வேகமாகவும் குறைந்ததை மெதுவாகவும் படிக்கும். ஆகவே அதன் வேகமான பகுதி 100 சிம்பலுக்குள் அடங்கும், மெதுவான பகுதி 2,000ஐத் தாண்டும். 800இல் மாறுவதை 2,000இல் பிடிக்க முடியாது.

மேற்பார்வையாளர் சொல்வது பாதி சரி. 0.05இல் மெதுவான பகுதி 220 சிம்பலுக்கு வரும். எஞ்சும் வழு கால் பங்கு கூடும், ஏறத்தாழ 1 டெசிபெல், தாங்கலாம். மற்றப் பாதியில்தான் ஆபத்து. உள்ளீட்டு வலு 1 ஆக இருக்கையில் 11 டாப்புக்கு மியூவின் எல்லை 0.18. பஸ் ஒரு மதிலைக் கடந்து வலு 4 மடங்கானால் உங்கள் 0.05, 0.2 போல நடக்கும், வெடித்துவிடும். மியூவை உள்ளீட்டு வலுவால் வகுத்த பிறகே கூட்டுங்கள்.

இன்னொன்று. குடாநாட்டிலும் வன்னியிலும் மலை இல்லை. எதிரொலிகள் பெரும்பாலும் சில மைக்ரோ செக்கனுக்குள் அடங்கும். உங்கள் சிம்பலோ 10 மைக்ரோ செக்கன். பக்கத்துச் சிம்பலில் பெரிதாக எதுவும் ஏறாது. 11 டாப்புக்கு அங்கே வேலையே இல்லை; சுழன்று மங்கும் ஒற்றைப் பெருக்கத்தைத்தான் பின்தொடர வேண்டும். 100 சிம்பலுக்கு ஒருமுறை தெரிந்த சிம்பல் பத்துப் பதினைந்து செருகி, இடையில் உள்ள பெருக்கத்தை இடைச்செருகிக் கணியுங்கள். ஜிஎஸ்எம் (2ஜி கைபேசி முறை) செய்வதும் இதன் அண்ணன் முறைதான்: 0.577 மில்லி செக்கன் துண்டு, நடுவில் பெறுநர் முன்பே அறிந்த 26 பயிற்சி பிட். இரு முனைக்கும் தூரம் குறையவே நடுவில் வைத்தார்கள். துண்டு முடியுமுன் சனல் அசையாது. அடுத்த துண்டில் புதிதாகப் படிக்கலாம். விலை, துண்டின் ஆறில் ஒரு பங்கு. கணினியில் திரும்ப ஓட்டுவதானால் டாப்புகளை 50 ஹேர்ட்ஸில் அசையவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: ஆர்எல்எஸ் (பழைய சிம்பல்களையும் எடையிட்டு வேகமாகப் படிக்கும் முறை), லாம்டா (மறதி எண்) 0.98. சிக்னல் நின்று திரும்பும்போது வெடிக்கிறது. (நல்லூர்)

பதில்: உள்ளீடு இல்லாதபோது மறதி மட்டும் நடக்கிறது. ஆர்எல்எஸ் வைத்திருக்கும் நேர்மாறுத் தாயம் (மெற்றிக்ஸ்) ஒவ்வொரு சிம்பலுக்கும் 2 சதவீதம் வீங்கும். 1,000 சிம்பலில் 60 கோடி மடங்கு. வலு குறைந்ததும் புதுப்பிப்பை நிறுத்துங்கள். தாயத்தைச் சில நூறு சிம்பலுக்கு ஒருமுறை சமச்சீராக்குங்கள். லாம்டாவைத் தெரிவு செய்ய அதே மூன்று எண்கள் வேண்டும். நீங்களும் எழுதவில்லை.

கேள்வி: 4ஜியில் சமனாக்கி உண்டா? (சுன்னாகம்)

பதில்: உண்டு. பட்டையைக் கூறுபோட்ட ஒவ்வொரு 15 கிலோஹேர்ட்ஸ் துணைக்காரியருக்கும் ஒரேயொரு சிக்கலெண் பெருக்கல். சிம்பல்களுக்கிடையே விடும் 4.7 மைக்ரோ செக்கன் காப்பிடைவெளி 1.4 கிலோமீற்றர் கூடுதல் பாதையை விழுங்கும்.

கேள்வி: பயிற்சித் தொடரே இல்லாமல் சிஎம்ஏ (வீச்சு மாறாதிருக்க வேண்டும் என்பதை மட்டும் வைத்துப் படிக்கும் முறை) போதுமா? (பருத்தித்துறை)

பதில்: தொடர் ஒளிபரப்புக்குப் போதும், குறுந்துண்டுகளுக்கு இல்லை, ஆயிரக்கணக்கான சிம்பல் கேட்கும். அது வீச்சை மட்டும் பார்ப்பதால் கட்டம் சுழன்றபடியே இருக்கும். காரியரைத் தனியாகப் பிடித்து, தரவை வித்தியாசக் குறியீட்டில் (முன் சிம்பலிலிருந்து எவ்வளவு மாறியது என்பதாக) அனுப்புங்கள். நடு டாப்பை 1இல் வைத்துத் தொடங்குங்கள். எல்லாவற்றையும் பூச்சியத்தில் வைத்தால் வெளியீடு பூச்சியம், திருத்தமும் பூச்சியம். விடியும்வரை அப்படியே கிடக்கும்.