பிரசவமாகி மூன்றாம் நாள் கடுமையான தலைவலி. "எல்லாருக்கும் வர்றதுதான்" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். "புள்ள பெத்தவளுக்குத் தலவலி வராம இருக்குமா, சுக்குப் பத்து போடு" என்று மன்னார்குடிப் பக்கம் மாமியாரும் சொல்வார், வார்டு நர்ஸும் சொல்வார். தூக்கம் கெட்டு வரும் தலைவலியும் உண்டுதான். ஆனால் மாத்திரைக்கு அடங்காத வலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலப்பக்கம் பிடிப்பது, இதில் ஒன்று இருந்தாலும் முதலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்ததோடு ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து முடிவதில்லை. ஆறு வாரம் வரை வரலாம். 140/90 தொட்டால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். 160/110 என்றால் அவசரம், வலிப்பில் போய் முடியலாம். அதைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது.

வெறுமனே "வலிக்குது" என்றால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் (அநியாயம்தான்). "காலையிலேர்ந்து தலவலி, பாரசிட்டமால் போட்டும் குறையல, கண்ணு மங்குது, பிரஷர் பாருங்க சிஸ்டர்" என்று சொல்லுங்கள். அளவைக் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். கூட இருப்பவரும் வாயைத் திறக்க வேண்டும். தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள்ளேயே உறவுப்பெண் ஒருவரை அனுமதிக்கும் திட்டம் 2004 முதல் உண்டு.

வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் 108. புகார் சொல்ல 104.