குழாய்ப் பூட்டு பாதியில் நின்றால்

குழாய் வடிவச் சாவி போடும் குழாய்ப் பூட்டைச் சாவியில்லாமல் திறந்து பழகும்போது, உள்ளே வட்டமாக இருக்கும் ஏழு பின்களும் (சாவி அழுத்தும் சிறு ஊசிகள்) சரியான ஆழத்தில் அமர்ந்து, பூட்டு கொஞ்சம் திரும்பி, மறுபடி இறுகிவிட்டது என்கிறீர்கள். பூட்டில் கோளாறு இல்லை. நடுத்தண்டு (சாவியோடு சுழலும் நடுப்பகுதி) அடுத்த பின்னின் துளை வரை சுழன்றதும் பின்னாலுள்ள ஸ்பிரிங்குகள் பின்களைத் தள்ளி மீண்டும் பூட்டிவிடும், அதனால் முழுச் சுற்றுக்கு ஒவ்வொரு துளை நிலையிலும் ஏழையும் திரும்ப அமர்த்த வேண்டும், அலுப்பான வேலைதான். ஆனால் எந்தப் பின் எவ்வளவு ஆழம் என்பது மாறாது, முதல் சுற்றிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பின் முதலில் இறுகும் என்ற வரிசை மட்டும் மாறலாம். பூட்டைத் திருப்ப நடுத்தண்டின் பள்ளத்தில் கொடுக்கும் அழுத்தம் லேசாகவே இருக்கட்டும். அப்புறம், பாதியில் விட்டால் சாவியே நுழையாது. ஆகவே எதிலும் பொருத்தாத, உங்கள் சொந்தப் பூட்டில் மட்டும் பழகுங்கள்.