தம்பி கொடுத்த முன்பணத்துக்கு வட்டி இல்லையா?

கேள்வி: ராசிபுரம் பக்கம் எங்கள் ஊர். ஐந்து கலப்பின மாடுகள் இருக்கின்றன. மூன்று கறவையில், ஒன்று ஏழு மாதச் சினை, இன்னொன்று பால் வற்றி ஆறு மாதமாகியும் சினை பிடிக்கவில்லை, அதற்கும் தினம் 3 கிலோ தீவனம் போகிறது. ஒரு நாளைக்கு 30 லிட்டர் பால். என் தம்பிதான் பால் எடுக்கிறான், லிட்டர் 33 ரூபாய். ஆவின் பால் சங்கத்தில் ஊற்றும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 36 விழுகிறது. தீவனமும் தம்பி கடையில்தான். 50 கிலோ மூட்டை 1,500, வெளியில் ரொக்கத்துக்கு அதே மூட்டை 1,350. பால் பணத்தில் கழித்துக்கொள்வான். மகள் காதுகுத்துக்கு வட்டியில்லாமல் 60,000 முன்பணம் கொடுத்தான். மாதம் தீவனம் 18,000, சைலேஜ் (காற்றுப் புகாமல் பதப்படுத்திய பசுந்தீவனம்) 4,000, வைக்கோல், தட்டைக்கு 3,500 போக 4,000 சொச்சம்தான் மிஞ்சுகிறது. மாட்டு டாக்டர் வந்தால் அதுவும் போச்சு. கிணற்றோடு ஒரு ஏக்கரில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டிருக்கிறோம். கலப்புத் தீவனமா, சைலேஜா, பசும்புல்லா, எது கட்டுபடியாகும்? தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா போடச் சொல்கிறார்களே?

பதில்: மாட்டுக்கு என்ன போடுவது என்பதில் உங்களுக்குப் பெரிய தவறு இல்லை, சகோதரி. தீவனத்தை எந்தக் கணக்கில் வாங்குகிறீர்கள், பாலை எந்தக் கணக்கில் ஊற்றுகிறீர்கள் என்பதில்தான் பணம் போகிறது. அதை முதலில் பார்ப்போம், புல்லுக்குப் பிறகு வருகிறேன்.

மாதம் 900 லிட்டர். லிட்டருக்கு 3 ரூபாய் குறைவு என்றால் 2,700. மாதம் 12 மூட்டை, மூட்டைக்கு 150 கூடுதல் என்றால் 1,800. இரண்டும் சேர்த்து 4,500. ஆண்டுக்கு 54,000 ரூபாய். இதற்கு ஈடாக உங்களிடம் இருக்கும் தம்பி பணம் எவ்வளவு? முன்பணம் 60,000, ஒரு மாதத் தீவனக் கடன் 18,000, ஆக 78,000. வட்டியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு எழுபது ரூபாய் பக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதிலும் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இரண்டு வருடம் இப்படியே ஓடினால் லட்சத்துக்கு மேல் கொடுத்திருப்பீர்கள், அறுபதாயிரம் அப்படியே நிற்கும்.

உங்கள் தம்பி ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. வீடுவீடாகப் பால் எடுத்துக் குளிரூட்டும் நிலையத்துக்குக் கொண்டுபோகிறவருக்கு வண்டிச் செலவு உண்டு, கடன் கொடுத்த தீவனம் வசூலாகாத பயமும் உண்டு. அவர் தொழில் அப்படி. ஆனால் மடியில் உட்காரவைத்துக் காது குத்திய தாய்மாமனிடம் கணக்குக் கேட்பதா என்ற கூச்சத்தில் நீங்கள் சும்மா இருக்கிறீர்களே, அதற்குத்தான் மாதம் 4,500.

2023 டிசம்பரிலிருந்து ஊக்கத்தொகை 3 ரூபாயைச் சேர்த்து ஆவின் சங்கத்தில் பசும்பாலுக்கு 38 ரூபாய் ஆனது. அது 4.3 சதவீதம் கொழுப்பும், கொழுப்பு அல்லாத இதர சத்து 8.2 சதவீதமும் உள்ள பாலுக்கு. தரம் இறங்கினால் விலையும் இறங்கும், அதனால்தான் அந்த அக்காவுக்கு 36. உங்கள் பாலைத் தம்பி சோதித்துப் பார்க்காமல் ஒரே விலைக்கு எடுக்கிறார் என்றால், தாது உப்பும் பசும்புல்லும் கொடுத்துத் தரத்தை ஏற்றினாலும் உங்களுக்கு ஒரு பைசா கிடைக்காது.

சரி, வெளியே வருவது எப்படி? சிக்கல் முதல் மாதத்தில்தான். போன மாதத் தீவனத்துக்குப் பால் பணத்தில் கழிப்பார், இந்த மாதத் தீவனத்துக்கு ரொக்கம் வேண்டும். அந்த ஒரு பள்ளத்தைத் தாண்ட முடியாமல்தான் பலர் வருடக்கணக்கில் கடைக் கணக்கிலேயே கிடக்கிறார்கள். இதற்குத்தான் விவசாயிகளுக்கு வங்கி தரும் கிசான் கடன் அட்டை. 2018-19 பட்ஜெட்டிலிருந்து அது கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு. 2 லட்சம் வரை வட்டி 7 சதவீதம், தவணை தப்பாமல் கட்டினால் 4. 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை அடமானமும் கேட்கக் கூடாது. அட்டைப் பணத்தைத் தீவனத்துக்கு மட்டுமே எடுங்கள். அப்படி மிச்சமாகும் பால் பணம் தம்பியின் முன்பணத்துக்குப் போகட்டும். நாலைந்து மாதத்தில் 60,000 அடைந்துவிடும். உங்கள் கடன் மறைந்துவிடாது, எழுபதிலிருந்து ஏழுக்கு இறங்கும். 78,000-க்கு ஆண்டு வட்டி 5,500-க்குள். அட்டையில் மீதி இருக்கிறதே என்று ஆறாவது மாடு மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

முதலில் தீவனத்தைப் பிரியுங்கள், பாலைப் பிறகு. முன்பணம் அடையும்வரை பாலைத் தம்பிக்கே ஊற்றுங்கள், அது நியாயமும்கூட. அடைந்த பிறகு சங்க விலை தருவாரா என்று அவரிடமே முதலில் கேளுங்கள். தந்தால் தொடரலாம்.

இப்போது தீவனம். கிலோ விலையைப் பார்க்காதீர்கள், தண்ணீரைக் கழித்துவிட்டு மிஞ்சும் உலர் எடைக்குப் பாருங்கள். சைலேஜ் கிலோ 8 ரூபாய், அதில் உலர்பொருள் சுமார் 30 சதவீதம். அப்படியென்றால் உலர் கிலோ 27 ரூபாய். கலப்புத் தீவனம் ரொக்கத்துக்குக் கிலோ 27, உலர் கணக்கில் 30. ஏறக்குறைய ஒரே விலை! ஆனால் தீவனத்தில் புரதம் 20 சதவீதம், மக்காச்சோள சைலேஜில் எட்டுதான். நிலமே இல்லாமல் இருபது மாடு கட்டியிருப்பவருக்கு சைலேஜ் சரி. கிணறும் ஏக்கரும் உள்ள நீங்கள் ஏன் வாங்குகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

கிழங்கு வெட்டியதும் 30 சென்ட்டில் கோ-5 கம்பு நேப்பியர் புல் போடுங்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் வரை வரும் என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. நான் பாதிதான் எடுத்துக்கொள்வேன். அதிலேயே 30 சென்ட்டில் தினம் 60 கிலோ கிடைக்கும். 75 நாளில் முதல் வெட்டு, பிறகு 45 நாளுக்கு ஒன்று. வரப்பில் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடி, அகத்தி இருந்தால் புரதத்துக்கு ஆகும். செலவெல்லாம் போட்டாலும் புல் கிலோ 2 ரூபாயைத் தாண்டாது, உலர் கணக்கில் பத்து. புல் வரும்வரை சைலேஜ் ஓடட்டும், வந்ததும் நிறுத்துங்கள்.

சினை பிடிக்காத மாட்டுக்கும் 3 கிலோ தீவனமா? ஒன்றரை போதும், பாதிப் பணம் மிச்சம். சினை மாட்டுக்குக் குறைக்காதீர்கள். ஆறு மாதம் வெறுமனே நிற்கும் மாட்டை இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை என்று அவர் கைவிரித்தால் விற்றுவிடுங்கள், மனசு கேட்காது என்றாலும்.

புல் வந்தபின் மாதம் 11 மூட்டை போதும், 14,850. வைக்கோல் 3,500, புல்லுக்கு 3,600 வரை ஆகலாம். பால் 36 ரூபாய்க்குப் போனால் 32,400. கையில் 10,500 பக்கம். நாலாயிரம் எங்கே, இது எங்கே.

அசோலாவில் நூற்றுக்கு தொண்ணூற்று மூன்று பங்கு தண்ணீர். தினம் இரண்டு கிலோ அள்ளிப் போட்டாலும் உலர் எடை ஒன்றரைக் கைப்பிடிதான். தொட்டி, தார்ப்பாய், தினமும் அலசுகிற வேலை எல்லாம் ஐந்து மாட்டுக்காரருக்குக் கட்டாது. அந்த நேரத்தில் அட்டைக்கான விண்ணப்பத்தை வங்கியில் கொடுத்துவிட்டு, காலைப் பாலில் கொஞ்சம் சங்கத்துக்குக் கொண்டுபோய் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.