சைக்கிள் பாதை சந்தேகங்கள்: வாசகர் கேள்வி-பதில்

சிங்கப்பூர்ல வீட்டுக்குக் கீழ சிவப்பு சைக்கிள் பாதை வந்தாச்சு, சைக்கிளும் வாங்கியாச்சு, ஆனா எங்க ஓட்டலாம் எங்க கூடாதுன்னு இன்னும் குழப்பமா இருக்குன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. சிலதுக்கு மட்டும் இங்க பதில் சொல்றேன்.

ஈசூன்ல எங்க புளோக் முன்னாடி சைக்கிள் பாதையும் நடைபாதையும் ஒட்டியே போகுது. கூட்டமா இருந்தா நடைபாதையில ஏறிக்கலாமா?

கூடாதுங்க. 2025 ஜூலை 1லேர்ந்து சைக்கிள் பாதையை ஒட்டி இருக்கிற நடைபாதை நடக்கிறவங்களுக்கு மட்டும்தான். மீறினா 2,000 வெள்ளி வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும் சேர்ந்தே வரலாம். பக்கத்துல சைக்கிள் பாதையே இல்லாத நடைபாதையில ஓட்டலாம், ஆனா மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாது. சைக்கிள் பாதையிலயும் பூங்காக்களை இணைக்கிற பார்க் கனெக்டர் பாதையிலயும் 25 வரைக்கும் போகலாம், அதுக்காக சாயங்காலம் பிள்ளைங்க ஓடி விளையாடுற நேரத்துல 25ல போகணும்னு யாரும் சொல்லல. ரொம்ப கூட்டம்னா இறங்கித் தள்ளிட்டுப் போங்க, நடைபாதையில தள்ளுறதுக்குத் தடை கிடையாது.

தெம்பனிஸ்ல சைக்கிள் பாதையில நேரா போயிட்டிருந்தேன், கார்பார்க்லேர்ந்து வெளிய வந்த கார் என்னைப் பார்க்கவே இல்ல, மயிரிழையில தப்பிச்சேன். அவர் நிக்க வேண்டாமா?

அவரும் நிக்கணும்தான். ஆனா நீங்க எந்தப் பக்கம் பார்த்து ஓட்டிட்டு இருந்தீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல வண்டி இடது பக்கம் போகுது, அதனால கார்பார்க்லேர்ந்து இடது பக்கம் திரும்பி ரோட்டுக்கு வர்றவர் வலது பக்கம் மட்டும்தான் பார்ப்பார், ஏன்னா அவருக்கு வண்டி வர்றது அங்கேர்ந்துதான். நம்ம சைக்கிள் பாதையோ ரெண்டு பக்கமும் போற பாதை. ரோட்டுல வண்டி போற திசைக்கு எதிரா நீங்க வந்தா அவரோட இடது பக்கத்துலேர்ந்து வர்றீங்க, அந்தப் பக்கம் அவர் தலையே திரும்பாது, நீங்க பளிச்சுனு மஞ்சள் சட்டை போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்ல. அதே திசையில போனா வேற ஆபத்து இருக்கு, உங்களைத் தாண்டிப் போன லாரி திடீர்னு இடது பக்கம் கார்பார்க்குக்குள்ள திரும்பும், பெரிய வண்டின்னா பக்கத்துல இருக்கிற உங்களை டிரைவரால பார்க்கவே முடியாது.

அதனால ஒவ்வொரு கார்பார்க் வாசலுக்கும் கிளை ரோட்டுக்கும் முன்னாடியே மிதிக்கிறதை நிறுத்திட்டு ரெண்டு விரலை பிரேக் மேல வச்சிடுங்க. சாலையைக் கடக்குறப்ப நின்னு பார்த்துட்டுத்தான் போகணும்ங்கிறது 2019 பிப்ரவரியிலேர்ந்தே விதி. நின்னதும் காரோட முன் சக்கரத்தைப் பாருங்க, கண்ணாடியில வெயில் அடிச்சா டிரைவர் முகம் தெரியாது, ஆனா சக்கரம் உருள ஆரம்பிக்கிறது நல்லாவே தெரியும். அவர் உங்களைப் பார்த்து கை காட்டினதுக்கு அப்புறம் கடங்க. நேர் பாதையில எவ்வளவு ஜாலியா போனாலும் சரி, அடிபடுற இடம் பெரும்பாலும் இந்த வாசல்தான், இதை நான் எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன்.

பஸ் ஸ்டாப் பக்கத்துல மணி அடிச்சா பெரியவங்க கோச்சுக்கிறாங்க…

முதுகுக்குப் பின்னால வந்து அடிச்சா யாருக்குத்தான் கோபம் வராது? கொஞ்சம் தூரத்துலயே ஒரு தடவை மெதுவா அடிங்க, அவங்க விலக நேரம் குடுங்க, கடக்குறப்ப "தேங்க்ஸ் ஆன்ட்டி"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பஸ் வந்து ஆளுங்க இறங்கிட்டு இருந்தா மணியே வேண்டாம், இறங்கித் தள்ளுங்க. காதுல இயர்போன் இருக்கிற ஸ்கூல் பிள்ளைங்களுக்கு எந்த மணியும் கேட்காது.

பையன் பிரேக் இல்லாத ஃபிக்ஸி (சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் கூடவே சுத்துற சைக்கிள்) கேட்கிறான்.

2021 செப்டம்பர்லேர்ந்து எந்த சைக்கிளா இருந்தாலும் வேலை செய்யற கை பிரேக் ஒண்ணாவது இருக்கணும். பிரேக் மாட்டிக் குடுங்க, முடிஞ்சா முன்னாடி பின்னாடி ரெண்டும். ஹெல்மெட் ரோட்டுல ஓட்டினாத்தான் கட்டாயம், பாதையில இல்ல, ஆனா என் வீட்டுப் பிள்ளைன்னா ஹெல்மெட் இல்லாம கீழயே அனுப்ப மாட்டேன். புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடம் விட்டு நெற்றியை மூடணும், பின்னந்தலையில தொங்கிக்கிட்டு இருந்தா போட்டும் புண்ணியமில்ல.

சாப்பாடு டெலிவரி பண்ண மின்சைக்கிள் வாங்கப் போறேன், நடைபாதையில போகலாமா அண்ணே?

போகக்கூடாது தம்பி, சைக்கிள் பாதையும் ரோடும்தான். 16 வயசு ஆகியிருக்கணும், தியரி டெஸ்ட் பாஸ் பண்ணியிருக்கணும், வண்டியில எல்டிஏவோட (நிலப் போக்குவரத்து ஆணையம்) ஆரஞ்சு முத்திரை இருக்கணும், எடை 20 கிலோவுக்குள்ள. 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் மோட்டார் தானா நிக்கணும். "வேகத்தை ஏத்தித் தர்றேன்"னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, மாட்டினா உங்க பொழப்பே போயிடும்.

மடிக்கிற சைக்கிளை எம்ஆர்டி ரயில்ல கொண்டு போக நேரம் ஏதாவது இருக்கா?

நாள் முழுக்க கொண்டு போகலாம். மடிச்சப்புறம் 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், ஸ்டேஷனுக்குள்ள விரிக்கக்கூடாது.

மழை பேஞ்சா அந்தப் பாதை வழுக்குமா?

நடுவுல வர்ற வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும்தான் ரொம்ப வழுக்கும், அப்புறம் மரத்தடியில ஊறிக் கிடக்கிற இலையும் பூவும். அது மேல திரும்பவும் கூடாது, பிரேக்கும் பிடிக்கக்கூடாது, முன்னாடியே வேகத்தைக் குறைச்சு நேரா தாண்டிடுங்க. இடி கேட்டா பக்கத்து வாய்ட் டெக்ல (புளோக்குக்குக் கீழ இருக்கிற திறந்த தளம்) ஒதுங்குங்க, உள்ள ஓட்டாம தள்ளிட்டுப் போங்க. ராத்திரி 7லேர்ந்து காலையில 7 வரைக்கும் முன்னாடி வெள்ளை லைட்டும் பின்னாடி சிவப்பு லைட்டும் எரியணும்ங்கிறது விதி, மழை இருட்டுன்னா பகல்லயே போட்டுடுங்க.